இரண்டு பேர் தூக்கும் கூரை

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் குடவோலை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட அந்தச் சாசனங்கள் ஊரை நிர்வகித்த வாரியத்துக்கு வர விரும்புபவருக்கு ஒரு நிபந்தனை விதித்தன: சொந்த மனையில் எடுத்த வீட்டில் அவர் குடியிருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும் வேண்டும். மனை இல்லாதவருக்கு ஊர் நிர்வாகத்தில் இடமே இல்லை. அப்படி வெளியே நின்றவர்களின் வழிவந்தோருக்குக் கூரை கிடைக்கத் தொடங்கியது அரசுத் தொகுப்பு வீடுகளால்தான். அந்தக் கூரையை இன்னும் விரைவாகவும் உறுதியாகவும் போட்டுத் தர முன்கூட்டியே வார்த்துப் பொருத்தும் பிரீகாஸ்ட் கான்கிரீட் உதவும் என்பது என் கருத்து. நம் நாட்டில் அதை எப்போதும் பெருந்தொழிற்சாலைக் கணக்கிலேயே யோசித்ததால்தான் கிராமங்களுக்கு அது வந்து சேரவில்லை.

பிரிவினை அகதிகளுக்கு வீடு கட்ட 1948இல் டெல்லியில் அரசு ஒரு வீட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. நுரைக் கான்கிரீட் பலகைகளை வார்த்து, வீடுகளாகக் கோத்து நிறுத்துவது திட்டம். பலகைகள் விரிசல் விட்டன, திட்டம் கைவிடப்பட்டது. அந்த ஆலை பிற்காலத்தில் மின்கம்பங்களும் ரயில்வே ஸ்லீப்பர்களும் வார்த்துத்தான் பிழைத்தது. சென்னைப் பெரும்பாக்கத்தில் கதை வேறு. 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டி, 2022 மே 26 அன்று 1,152 வீடுகளைத் திறந்துவைத்தார்கள். தூண், உத்தரம், தளம் எல்லாம் வார்த்துக் கொண்டுவந்து கிரேனால் பொருத்தப்பட்டவை. ஆனால் 1,152 வீடுகள் ஒரே இடத்தில் எழுந்ததால்தான் அச்சுக்கும் கிரேனுக்கும் போட்ட பணம் கட்டுப்படியானது. பத்து இருபது வீடுகள் கொண்ட காலனிக்கு, ஏரிக்கரை வழியாக அந்தக் கிரேனைக் கொண்டுபோவதில் பொருளில்லை.

அதனால் கிராமத்துக்கு பிரீகாஸ்ட் ஒத்துவராது என்று முடிவுகட்டுவது அவசரம். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய பலகை-உத்தரக் கூரையைப் பாருங்கள். பலகை ஒன்றரை மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், கனம் நடுவில் 6 செ.மீ., ஓரங்களில் 3 செ.மீ. எடை ஏறத்தாழ 50 கிலோ, இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். உத்தரங்களின் மேல் வரிசையாக அடுக்கி, ஓரப் பள்ளங்களில் கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்பினால் தளம் தயார். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸின் கான்கிரீட் வடிவம்தான் இது. வழக்கமான தளத்துக்கு சென்ட்ரிங் அடித்து, கான்கிரீட் போட்டபின் குறைந்தது ஒரு வாரம் முட்டுகளைத் தொட முடியாது. முட்டு வாடகை ஏறிக்கொண்டே போகும். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரையாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் சென்ட்ரிங் செலவு சின்ன விஷயமல்ல.

இணைப்புகள் பலவீனமானவை என்ற ஆட்சேபம் நியாயமானது. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் பிரீகாஸ்ட் பலகைகளால் கட்டிய பள்ளிகள் பல இடிந்தன. பலகைகளை ஒன்றோடொன்றும் சுவரோடும் பிணைக்கவில்லை என்பதே காரணம். ஆகவே பிணைப்புக் கம்பியை மேற்பார்வையிட ஒரு பொறியாளர் கட்டாயம் வேண்டும். இதில் சிக்கனம் கூடாது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை போய்விடும் என்ற கவலையும் உண்டு. பலகையை ஊரிலேயே வார்த்தால் அந்தக் கூலி ஊரிலேயே தங்கும். கிணற்று உறையும் சிமெண்ட் ஜன்னலும் வார்க்கும் சிறு பட்டறைகளுக்கு இந்த வேலை புதிதல்ல. உத்திரமேரூர் வட்டாரக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் லாரி லாரியாக வெளியே போகின்றன. குவாரித் தூசியைச் சுவாசிக்கும் ஊர்களுக்கு அதில் ஒரு பங்கு கூரையாகத் திரும்ப வேண்டாமா? அடுத்த தொகுப்பு வீடுகளுக்கு மதிப்பீடு போடும்போது, ஒன்றிய அலுவலகம் ஒரு வரிசையையாவது பலகை-உத்தரக் கூரையில் கட்டிப் பார்க்கட்டும்.