தனித்து நின்ற துறை: தமிழ்நாட்டுப் பொது சுகாதாரத்தின் நூறாண்டு

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் பொது சுகாதாரத்தை மாகாண அமைச்சர்களின் பொறுப்பில் விட்டது. சென்னை மாகாணம் அந்த அதிகாரத்தைச் சீக்கிரமே பயன்படுத்திக்கொண்டது. மருத்துவமனைகளைக் கவனிக்கும் துறையிலிருந்து பொது சுகாதாரத்தைப் பிரித்து, 1920களில் அதற்கென ஓர் இயக்குநரையும் மாவட்டந்தோறும் சுகாதார அலுவலர்களையும் அமர்த்தியது. காலராவும் அம்மையும் ஊர் ஊராகப் பரவிய காலம் அது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் குடிநீரையும் சாக்கடையையும் தேடிப் போகும் ஆட்கள் தேவைப்பட்டனர்.

இந்த ஏற்பாட்டுக்குச் சட்ட வலிமை தந்தது 1939ஆம் ஆண்டு சென்னைப் பொது சுகாதாரச் சட்டம். இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களில் இதுவே முதல். குடிநீர், வடிகால், கொசு ஒழிப்பு, தங்கும் விடுதிகள், தொற்றுநோய் அறிவிப்பு, தாய்சேய் நலம் என எல்லாவற்றையும் அது தொட்டது. சந்தைக்கும் திருவிழாவுக்கும் தனி அத்தியாயமே உண்டு. தேர்த் திருவிழாக் கூட்டத்தோடு காலராவும் ஊர் திரும்பியதைக் கண்டவர்கள் எழுதிய சட்டம் என்பது படித்தாலே புரியும்.

விடுதலைக்குப் பின் பெரும்பாலான மாநிலங்கள் இரு துறைகளையும் ஒன்றாக்கின. பெயருக்கு அது ஒருங்கிணைப்பு. நடைமுறையில் பணமும் பதவியும் மருத்துவமனைப் பக்கமே சாய்ந்தன. தமிழ்நாடோ தனி இயக்ககத்தையும் அதற்கான பட்ஜெட்டையும், பொது சுகாதாரத்தில் பயிற்சி பெற்ற அலுவலர் வரிசையையும் விடாமல் வைத்துக்கொண்டது. 2004 சுனாமிக்குப் பின் கடலோர முகாம்களில் பெரிய கொள்ளைநோய் எதுவும் வெடிக்காமல் போனதற்கு இந்த வரிசை ஒரு முக்கியக் காரணம். மற்ற மாவட்ட ஊழியர்கள் அங்கே அனுப்பப்பட்டனர்; குடிநீரில் குளோரின் கலப்பதும் தடுப்பூசி போடுவதும் வழக்கமான வேலைபோல நடந்தன.

அடுத்த பெரிய மாற்றம் மருந்துக் கொள்முதலில் வந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டை நீட்டி “வெளியே வாங்கிக்கோங்க” என்பது அன்றாடப் பேச்சாக இருந்தது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவாகி அடுத்த ஆண்டு வேலையைத் தொடங்கியது. தேவையான மருந்துகளின் பட்டியலை முடிவு செய்து, வணிகப் பெயரை விட்டு மூலப்பெயரிலேயே மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தம் கோரியது. வந்த சரக்கின் மாதிரிகள் தயாரிப்பாளர் பெயர் மறைக்கப்பட்டு ஆய்வகத்துக்குப் போயின. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக்; அதில் உள்ள தொகைக்கு மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுத்துக்கொள்ளலாம். கணினி எங்கும் பரவாத காலத்திலேயே கிடங்குகளின் இருப்பு கணினியில் ஏறியது. பார்வைக்கு இது கணக்கர் வேலைதான். ஆனால் புதுக் கட்டடங்கள் செய்யாததை இது செய்தது: மருந்து ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே மாதிரியைப் பின்பற்றின.

தாய்மார் நலத்தில் முன்னேற்றம் பல கைகளால் வந்தது. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிச் சென்று கர்ப்பிணிகளைப் பதிவு செய்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய மகப்பேறு உதவித்தொகை, 2006இல் 6,000 ஆகவும் 2011இல் 12,000 ஆகவும் உயர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைவைத்து இருந்ததால் இரவிலும் பிரசவம் பார்க்க முடிந்தது. தாய் ஒருவர் இறந்தால் காரணத்தை விசாரித்து எழுதும் வழக்கமும் வேரூன்றியது. 2001–03இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு, 2018–20இல் 54 ஆகக் குறைந்தது. அப்போது இந்தியச் சராசரி 97.

நோயின் முகம் இப்போது மாறிவிட்டது. நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தடுப்பூசி இல்லை, வாழ்நாள் முழுதும் மாத்திரை வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. அதற்கு முன்பே, தமிழ்நாடு விடாமல் வைத்திருந்த ஏற்பாட்டின் பக்கம் நாடும் திரும்பியது: 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, எல்லா மாநிலங்களும் பொது சுகாதாரத்துக்கெனத் தனி அலுவலர் வரிசையை அமைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.