லைப்சிக்கிலிருந்து உருளி காஞ்சனுக்கு: இயற்கை மருத்துவம் இந்தியாவுக்கு வந்த வழி

இயற்கை மருத்துவம் என்றதும் அது வேதகாலம் தொட்டு இம்மண்ணில் வேரூன்றிய மரபு என்று பலரும் எண்ணுகிறோம். மேடைகளிலும் அவ்வாறே பேசப்படுகிறது. ஆனால் இன்று அரசு மருத்துவமனைகளில் அளிக்கப்படும் இடுப்புக் குளியல், வயிற்றின்மீது வைக்கும் மண் பட்டி, ஈரத்துணிச் சுற்று ஆகியவற்றின் நேரடி மூலத்தைத் தேடிச் சென்றால் நாம் வந்தடையும் இடம் ஜெர்மனி. சரகரும் திருமூலரும் அங்கு இல்லை. லைப்சிக் நகரத்துத் தச்சர் ஒருவரும், ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் வாழ்ந்த புத்தக வணிகர் ஒருவரும் இருக்கிறார்கள்.

தச்சரின் பெயர் லூயி கூனே. முறையான மருத்துவக் கல்வி எதையும் பெறாத அவர் 1883ஆம் ஆண்டு லைப்சிக்கில் தமது சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அவரது கோட்பாடு எளிமையானது. அந்த எளிமையே அதன் கவர்ச்சி. நோய்கள் பலவல்ல, ஒன்றே. தகாத உணவாலும் வாழ்க்கை முறையாலும் உடலில் அந்நியப் பொருள் சேர்கிறது. அது வயிற்றில் தங்கிப் புளித்து, உடலெங்கும் பரவி, ஓரிடத்தில் காய்ச்சலாகவும் வேறோரிடத்தில் கட்டியாகவும் வெளிப்படுகிறது. நோய் ஒன்றே எனில் மருந்தும் ஒன்றே: குளிர்நீர்த் தொட்டிக் குளியல், நீராவி, புலால் நீங்கிய எளிய உணவு. முகத்தைப் பார்த்தே உடலில் எங்கே அழுக்குச் சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றும் அவர் நம்பினார். இந்தக் கடைசிப் பகுதியை இன்று எவரும் நினைவூட்ட விரும்புவதில்லை.

புத்தக வணிகர் அடால்ஃப் ஜுஸ்ட். 1896இல் யுங்போர்ன் என்னும் இயற்கை வாழ்விடத்தை நிறுவினார். மண்ணைச் சிகிச்சைக்குரிய பொருளாக முன்னிறுத்தியவர் இவரே. இவ்விருவருக்கும் முன்னர் சிலேசியாவில் பிரீஸ்னிட்ஸ் என்ற உழவர் குளிர்நீர்ச் சிகிச்சையால் புகழ்பெற்றிருந்தார். பவேரியப் பாதிரியார் நைப்பும் நீர்ச் சிகிச்சை குறித்து நூல் எழுதிப் பெரும் செல்வாக்குடன் விளங்கினார். தச்சர், உழவர், பாதிரியார், புத்தக வணிகர் என்று எல்லோருமே மருத்துவத் தொழிலுக்கு வெளியே நின்றவர்கள். கத்தியும் ரசக் கலவைகளும் மிகுந்திருந்த மருத்துவத்தின்மீது அக்காலப் பொதுமக்களுக்கு இருந்த அச்சம் இவர்களுக்குத் துணைசெய்தது.

கூனேயின் நூல் 1894இலேயே தெலுங்கில் வந்துவிட்டது. பின்னர் இந்தியும் உருதும் தொடர்ந்தன. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை இலட்சுமண சர்மா இத்துறையில் விரிவாக எழுதினார். ஆயினும் இம்முறைக்கு நாடு தழுவிய மதிப்பைத் தேடித்தந்தவர் காந்தி. ஆகவே அவருடைய வாழ்வில் நிகழ்ந்த சில சம்பவங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இவ்வரலாற்றை அறிய ஏற்ற வழி என்று கருதுகிறேன்.

முதலாவது 1902, பம்பாய். பத்து வயது மணிலாலுக்கு டைபாய்டு, உடன் நிமோனியா, இரவில் பிதற்றல். பார்சி மருத்துவர் முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கச் சொன்னார். காந்தி மறுத்தார். மறுப்பதற்குமுன் மகனிடமே கேட்டார். அவனும் வேண்டாம் என்றான். (காய்ச்சலில் கிடக்கும் பத்து வயதுச் சிறுவன் தந்தைக்குத் தரும் சம்மதம் எத்தகையது என்ற கேள்வி அத்தந்தைக்கும் எழாமலில்லை.) கூனேயின் முறைப்படி மூன்று நிமிடங்களுக்கு மேற்படாத இடுப்புக் குளியல், நீர் கலந்த ஆரஞ்சுச் சாறு. மூன்று நாளாகியும் காய்ச்சல் தணியவில்லை. 104 பாகையில் நின்றது. ஒருநாள் இரவு நனைத்துப் பிழிந்த துணியில் மகனைச் சுற்றி, கம்பளி போர்த்தி, மனைவியைக் காவல் வைத்துவிட்டு, மனக்கலக்கத்தோடு சௌபாத்திக் கடற்கரைக்கு நடந்தார். திரும்பி வந்தபோது சிறுவனின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. மணிலால் பிழைத்தார். இது இறையருளாலா, நீரினாலா, கவனமான பணிவிடையாலா என்று யாரால் சொல்ல இயலும் என்று காந்தியே தம் சுயசரிதையில் ஐயத்தைத் திறந்தே வைத்திருக்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1902இல் டைபாய்டைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் உலகில் இல்லை. குளோரம்பெனிகால் பயன்பாட்டுக்கு வந்தது 1948இல். அன்றைய ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவமனைகளே டைபாய்டு நோயாளிகளைக் குளிர்நீரில் குளிப்பாட்டிக் காய்ச்சலைத் தணித்தன. ஆக, காந்தி அன்று மறுத்தது கோழிச்சாற்றையே. உயிர்காக்கும் மருந்து எதையும் அல்ல.

இரண்டாவது 1904, ஜோகன்னஸ்பர்க். தங்கச் சுரங்கம் ஒன்றில் நுரையீரல் பிளேக் பரவி, 23 இந்தியர்கள் தங்கள் குடியிருப்புக்குத் திரும்பினர். காந்தியும் மருத்துவர் காட்ஃபிரேயும் அலுவலக எழுத்தர்கள் சிலரும் பணிவிடையில் இறங்கினர். நகராட்சி ஒரு கிடங்கை ஒதுக்கியது. ஒரு செவிலியையும் அனுப்பியது. நோயாளிகளுக்கு அவ்வப்போது பிராந்தி கொடுப்பது அன்றைய முறை. நோய் தொற்றாதிருக்கத் தானும் பிராந்தி அருந்திய அச்செவிலி பிளேக்கில் மாண்டார். காட்ஃபிரேயின் அனுமதியுடன் மூவருக்கு மட்டும் பிராந்தியை நிறுத்தி, தலையிலும் மார்பிலும் மண் பட்டி வைத்தார் காந்தி. இருவர் பிழைத்தனர், கிடங்கிலிருந்த மற்றவர் மாண்டனர்.

மூவரில் இருவர் என்னும் எண்ணிக்கையைக் கொண்டு எதையும் நிறுவ இயலாது. காந்தியும் அதை உணர்ந்தே எழுதினார். தம் நம்பிக்கை வளர்ந்ததற்கும் பிராந்தியின்மீது ஐயம் வளர்ந்ததற்கும் உறுதியான ஆதாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த நம்பிக்கையைப் பதிவு மட்டும் செய்கிறார். இந்நிகழ்ச்சியை இன்று மேற்கோள் காட்டுவோர் மண் பட்டியை நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒப்புதலை விட்டுவிடுகிறார்கள்.

எனினும் இக்கொள்கை பெரியம்மைத் தடுப்பூசியின் முன் வந்து நின்றபோது நிலைமை வேறாயிற்று. 1913இல் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் குஜராத்தியில் அவர் எழுதிய உடல்நலக் கட்டுரைத் தொடர், பின்னர் ஆங்கிலமாகி 1921இல் நம் சென்னைத் திருவல்லிக்கேணியில் எஸ். கணேசனால் வெளியிடப்பட்டது. அதில் அம்மை குத்துதலைக் கடுமையாக எதிர்க்கிறார். கன்றின் உடலிலிருந்து எடுத்த சீழை மனித உடலில் ஏற்றுவது அவருக்கு அருவருப்பாகவும் அறத்திற்குப் புறம்பாகவும் தோன்றியது. ஆனால் தடுப்பூசி அன்றே ஒரு நூற்றாண்டுக்கு மேல் சோதிக்கப்பட்டுப் பயன் தந்துகொண்டிருந்த முறை. 1930இன் தொடக்கத்தில் சபர்மதி ஆசிரமத்தில் பெரியம்மை பரவிக் குழந்தைகள் இறந்தனர். காந்தி கலங்கினார்; கொள்கையைக் கைவிடவில்லை. அவரை எவ்வளவு மதித்தாலும் இந்த இடத்தை ஆய்வாளர் மென்மையாகக் கடந்து செல்லக் கூடாது என்பது என் கருத்து.

பிடிவாதம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருந்ததா? இல்லை. 1924 ஜனவரி 12, புனே சசூன் மருத்துவமனை. எரவாடா சிறையிலிருந்து குடல்வால் அழற்சியுடன் கொண்டுவரப்பட்ட காந்திக்குக் கர்னல் மாடக் அறுவை செய்தார். அதற்கான ஒப்புதல் அறிக்கை எழுதப்பட்டபோது அருகிருந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. அறுவையின் நடுவே மின்விளக்கு அணைந்து, அரிக்கேன் விளக்கொளியில் பணி முடிக்கப்பட்டது. இயற்கை மருத்துவத்தின் மிகப்பெரும் பரப்புரையாளர் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவரின் கத்தியால் உயிர் பிழைத்தார்.

மிகக் கடினமான இடம் 1944, ஆகா கான் மாளிகைச் சிறை. கஸ்தூர்பாவின் இதயமும் நுரையீரலும் தளர்ந்துகொண்டிருந்தன. சிறைக்குள்ளேயே கில்டரும் சுசீலா நய்யாரும் நவீன மருத்துவம் பார்த்தனர். புனேயின் இயற்கை மருத்துவர் தின்ஷா மேத்தா வரவேண்டும் என்று நோயாளியே வேண்டினார். அரசு தாமதித்தே அனுமதித்தது. லாகூர் வைத்தியர் சிவ சர்மாவும் அழைக்கப்பட்டார். இரவில் உள்ளே தங்க அனுமதி கிடைக்காமல் அவர் சிறைவாயிலுக்கு வெளியே தம் காரிலேயே படுத்திருந்தார். இறுதியில் மகன் தேவதாஸின் முயற்சியால் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் பென்சிலின் வந்தது. போர்க்காலத்தில் எளிதில் கிடைக்காத மருந்து அது. சில மணி நேரத்திற்கொருமுறை ஊசி போட வேண்டும் என்று அறிந்ததும் காந்தி வேண்டாம் என்றார். சாகும் நிலையிலிருக்கும் தாயை ஏன் துன்புறுத்துகிறாய் என்பது அவர் கேள்வி. நீ வற்புறுத்தினால் விட்டுக்கொடுப்பேன் என்றும் மகனிடம் சொன்னார். தேவதாஸ் வற்புறுத்தவில்லை. பிப்ரவரி 22 மாலை, மகாசிவராத்திரியன்று, கஸ்தூர்பா காலமானார்.

ஏப்ரலில் காந்திக்கே மலேரியா கண்டது. முதலில் மறுத்த அவர், காய்ச்சல் ஏறியபின் கொய்னா உட்கொண்டார். மனைவிக்கு மறுத்ததைத் தமக்கு ஏற்றார் என்று ஒரு குற்றச்சாட்டு இணையத்தில் ஆண்டுதோறும் சுற்றுகிறது. இரண்டையும் அப்படி நேருக்கு நேர் வைப்பது நேர்மையாகாது: ஒருவர் பல வாரங்களாக உறுப்புகள் செயலிழந்து இறுதிக்கட்டத்தை அடைந்தவர், மற்றவருக்கு வந்தது மருந்துக்குக் கட்டுப்படும் காய்ச்சல். எனினும் தேவதாஸ் வற்புறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எஞ்சவே செய்கிறது. 1902இல் மறுக்கப்பட்டது கோழிச்சாறு, 1944இல் பென்சிலின். மறுத்தவரின் கொள்கை பெரிதும் மாறவில்லை. அந்த நாற்பது ஆண்டுகளில் மருத்துவம் மாறிவிட்டிருந்தது. இயற்கை மருத்துவ வரலாற்றை எழுதுவோர், ஆதரிப்பவராயினும் எதிர்ப்பவராயினும், இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அதே சிறையில் 1942 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை எழுதப்பட்டது அவரது 'ஆரோக்கியத்தின் திறவுகோல்'. ஜெர்மானியச் சரக்கு இந்தியப் பொருளாக உருமாறியது இந்நூலில்தான். கூனேக்கும் ஜுஸ்டுக்கும் நன்றி சொல்லிவிட்டு, சிகிச்சைகளை மண், நீர், ஆகாயம், வெயில், காற்று என்று ஐம்பூதங்களின் கீழ் வகைப்படுத்துகிறார். நூலில் நடைமுறை நுணுக்கங்களும் உண்டு: மூன்று அங்குல அகலம், ஆறு அங்குல நீளம், அரை அங்குலக் கனம் உள்ள மண் பட்டி, எருக் கலவாத மண், ஐயமிருப்பின் சலித்துச் சூடாக்கிய பின்னரே பயன்படுத்துதல். ஐம்பூதம் என்ற சொல் வந்ததும் லைப்சிக் மறந்துபோயிற்று.

1945 நவம்பர் 18இல் தின்ஷா மேத்தாவுடன் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தோற்றுவித்தார். அந்த நாளே இப்போது தேசிய இயற்கை மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. புனே நகரத்து நிலையத்தை ஏழைகளுக்கு உரியதாக்கலாம் என்று முதலில் எண்ணினார். ஏழைகள் நகர நிலையத்தைத் தேடி வரமாட்டார்கள் என்று விரைவில் தெளிந்தார். 1946 மார்ச் 22இல் புனேக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள உருளி காஞ்சன் கிராமத்துக்கு வந்தார். முதல் நாள் ஏறக்குறைய முப்பது பேர் வந்தனர். ஐந்தாறு பேரை அவரே பார்த்தார். எல்லோருக்கும் சிறுசிறு மாற்றங்களுடன் ஒரே மருந்துச்சீட்டு: இராமநாமம், வெயில் குளியல், தொட்டிக் குளியல், பாலும் மோரும் பழச்சாறும், நிறைய நல்ல தண்ணீர். கிராமத்தானுக்குக் கிராமத்திலேயே கிடைக்காத எதையும் எழுதித்தரக் கூடாது என்பது அவர் விதி. அந்தப் பட்டியலில் இருந்த பாலும் பழச்சாறும் எத்தனை குடிசைகளுக்கு எட்டியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

மார்ச் 30இல் அரசியல் அவரை மீண்டும் தில்லிக்கு இழுத்துச் சென்றது. பொறுப்பை ஏற்றவர் மணிபாய் தேசாய் என்ற குஜராத்தி இளைஞர். வாழ்நாள் முழுதும் அங்கேயே இருப்பதாக வாக்களித்து, 1993இல் இறக்கும்வரை அதைக் காத்தவர். நிசர்கோபசார் ஆசிரமம் இன்றும் இயங்குகிறது. நோயாளிக்குப் பால் எழுதித்தரும் ஊரில் பசு பால் தரவேண்டுமே என்ற கவலை தேசாயை மாட்டுத் தொழுவத்தின் பக்கம் திருப்பியது. 1967இல் அவர் நிறுவிய பைஃப் என்னும் அமைப்பு, கலப்பினக் கறவை மாடுகளைக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றது. 1982இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.