அடைக்கலம் தந்த அரண்மனை

மன்னர் வாழ்ந்த மாளிகை அருங்காட்சியகமாக மாறினால், அந்த மன்னர் புழங்கிய பொருள்கள் அங்கே காட்சிக்கு இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பத்மநாபபுரம் அரண்மனையில் மூலிகை மரங்களால் செய்த கட்டில் இருக்கிறது. மைசூரில் தசரா நாள்களில் தங்கச் சிம்மாசனம் பார்வைக்கு வருகிறது. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கட்டியவர்கள் நாயக்கர்கள், வாழ்ந்தவர்கள் மராட்டியர்கள். உள்ளே நிறைந்திருப்பவையோ பெரும்பாலும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் கற்சிற்பங்களும். அரச குடும்பத்தார் பொருள்களுக்கான சிறு காட்சியகம் அதே வளாகத்தில் தனியே இருக்கிறது. ஆனாலும் உலகம் தேடி வருவது சோழர் சிலைகளைத்தான். வீடு ஒருவருடையது, பொருள் வேறொருவருடையது என்ற இந்த நிலையைப் பலர் ஒரு குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உரிமையாளரை இழந்த ஒரு வீடு, வீட்டை இழந்த சிலைகளுக்குக் கொடுத்த அடைக்கலம்தான் இந்தக் கலைக்கூடம். அதன் பெருமையையும் அது இன்னும் செலுத்தாத கடனையும் அந்த இடத்தில் நின்றுதான் அளக்க வேண்டும்.

முதலில் வீட்டைப் பார்ப்போம். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செவ்வப்ப நாயக்கரோடு தஞ்சை நாயக்கர் ஆட்சி தொடங்குகிறது. அவர் காலத்தில் தொடங்கிய அரண்மனைப் பணி அச்சுதப்பர், இரகுநாதர், விஜயராகவர் ஆகியோர் காலம்வரை நீண்டது. பெரிய கோயிலைச் சோழர்கள் கருங்கல்லால் எழுப்பினார்கள். நாயக்கர்கள் தங்கள் அரண்மனைக்குச் செங்கல்லையும் சுண்ணாம்பையும் சுதையையும் எடுத்துக்கொண்டார்கள். செங்கல்லும் சுதையும் கருங்கல் தராத வசதிகளைத் தந்தன. வளைவுகளை அகலமாகத் திருப்பலாம், தூண்களைப் பருமனாக உருட்டலாம், கூரையைக் குவிமாடமாக மூடலாம், மேலே யாளியும் இலைக்கொடியும் சுதையில் இழைக்கலாம். தக்காண சுல்தான்களின் கட்டடங்களில் பழகிய கூரிய வளைவும், விஜயநகர மண்டபங்களின் அலங்காரமும் இங்கே ஒரே சுவரில் கலந்து நிற்கின்றன. ஆனால் கவனத்தைப் பிடித்து நிறுத்துவது வளாகத்தின் எட்டு அடுக்குக் கோபுரம். தூரத்திலிருந்து பார்த்தால் அது கோயில் விமானம் என்றே தோன்றும். அரண்மனைக்கு ஏன் விமானத்தின் வடிவம்?

இதற்கு விடை நாயக்கர் காலத்து அரசியலில் இருக்கிறது. வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் ஆகிய மூவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாக வாதிட்டார்கள்: நாயக்கர் காலத்தில் அரசவைக்கும் கோயிலுக்கும் இடையே இருந்த கோடு மங்கியது, அரசனே தெய்வத்தின் இடத்தில் வைத்துப் போற்றப்பட்டான். தர்பார் மண்டபத்தைப் பார்த்தால் அந்த வாதம் கட்டட வடிவில் கண்முன் நிற்கிறது. மண்டபத்தின் நடுவே மெருகேற்றிய கருங்கல் மேடை. சுற்றிலும் கனத்த தூண்கள், மேலே வளைந்து மூடும் கூரை, எங்கிருந்து நோக்கினாலும் பார்வை போய் நிற்கும் ஒரே இடம் அந்த மேடை. கருவறையில் தெய்வம் தரிசனம் தருவதுபோல் இங்கே அரசன் தரிசனம் தந்தான். சோழர் சிலைகள் இந்த வீட்டுக்கு ஒட்டாதவை என்று சொல்கிறவர்கள், இந்த வீடே கோயிலின் சாயலில் கட்டப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். காலத்தால் ஐந்நூறு, அறுநூறு ஆண்டு இடைவெளி இருக்கலாம். ஓர் உருவத்தை நடுவில் நிறுத்தி எல்லோர் கண்ணையும் அதன்மேல் குவிக்கும் வேலையை இந்தச் சுவர்கள் தொடக்கத்திலிருந்தே செய்துவருகின்றன.

1673இல் விஜயராகவரோடு நாயக்கர் ஆட்சி முடிந்தது. சிவாஜியின் தம்பி ஏகோஜி வந்தார். மராட்டியர்கள் அரண்மனையை விரித்தும் திருத்தியும் வாழ்ந்தார்கள். அவர்களில் இரண்டாம் சரபோஜியைத் தனியே சொல்ல வேண்டும். 1799 ஒப்பந்தத்தால் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. சரபோஜிக்கு மிஞ்சியவை கோட்டையும் அரண்மனையும்தான். அதிகாரம் போன மனிதர் 1832இல் இறக்கும்வரை ஏடுகளையும் நூல்களையும் ஓவியங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். சரசுவதி மகால் நூலகம் இன்றைய அளவுக்கு வளர்ந்தது அவரால்தான். அந்த நூலகம் 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அரண்மனை பொதுச் சொத்தாக மாறிய வரலாற்றில் அதுவே முதல் படி.

அதற்கு முன் அரண்மனை சூறையாடப்பட்டதைப் போன்ற ஒரு நிகழ்ச்சி உண்டு; அதை இன்று யாரும் அதிகம் பேசுவதில்லை. 1855இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசு இன்றி இறந்தார். அடுத்த ஆண்டு கம்பெனியின் அதிகாரி ஃபோர்ப்ஸ் படையோடு அரண்மனைக்குள் புகுந்து, அறைகளுக்கு முத்திரையிட்டு, காவலரை நிறுத்தி, மன்னரின் தனிச் சொத்தையும் சேர்த்துக் கைப்பற்றினார். மூத்த அரசி காமாட்சிபாய் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். கம்பெனி லண்டனுக்கு மேல்முறையீடு போயிற்று. 1859இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பைத் தலைகீழாக்கியது: நடந்தது அரசுச் செயல், அதை விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை என்பதே அதன் முடிவு. செயல் நியாயமானது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை, நீதிமன்றம் தலையிட முடியாது என்று மட்டுமே சொன்னது. 1862இல் அரசாங்கம் தன் கருணையாகத் தனிச் சொத்தை அரசிகளிடம் திருப்பிக் கொடுத்தது. அப்புறம் பங்கு வழக்குகள் தொடர்ந்தன. சட்டம் கைவிட்ட வீடு, அரசவை இல்லாத தர்பார், பிரிந்துபோன சொத்து. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த மண்டபங்கள் தங்கள் பழைய வேலையை இழந்து நின்றதற்கு இதுதான் காரணம். கலைக்கூடம் குடியேறியது இந்த வெறுமையில்.

கலைக்கூடம் பிறந்த கதையில் அரசரும் இல்லை, கொடைவள்ளலும் இல்லை. தஞ்சாவூரை ஒட்டிய கரந்தட்டாங்குடியில் கவனிப்பாரின்றிக் கிடந்த ஒரு பிரம்மா சிலையைக் கல்கத்தாவிலிருந்து வந்த கலை ஆர்வலர் ஒருவர் எடுத்துச்செல்ல முயன்றார். ஊர் மக்கள் விடவில்லை. அன்றைய மாவட்ட ஆட்சியர் டி.கே. பழனியப்பன் அந்த எதிர்ப்பின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டார். சிலை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றால் ஊரில் அதற்கு ஓர் இடம் வேண்டும். 1951இல் அரண்மனையில் கலைக்கூடம் தொடங்கியது. மாவட்டத்தின் பல மூலைகளில் சிதறிக் கிடந்த சிற்பங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆட்சியரின் கையில் இது இருந்ததற்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்கடியில் கிடைத்த பொருளைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத்தான் அறிவிக்க வேண்டும். காவிரிப்படுகையில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் வயலைத் திருத்தும்போதும் திருமேனிகள் அகப்படுவது வாடிக்கை. படையெடுப்புக் காலங்களில் காக்க வேண்டிப் புதைத்தவர்கள் மீண்டும் எடுக்க உயிரோடு இல்லாமல் போனார்கள்.

அப்படி 1950களின் தொடக்கத்தில் திருவெண்காட்டு மண்ணிலிருந்து வெளிவந்ததுதான் ரிஷபவாகனர். சீர்காழிக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கோயிலின் கல்வெட்டு இந்தத் திருமேனியை இராசராசனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011இல் எழுந்தருளுவித்ததைச் சொல்கிறது. உமை அடுத்த ஆண்டு வந்தாள். 1011 என்பது பெரிய கோயில் குடமுழுக்கு முடிந்த மறு ஆண்டு. சிவன் ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே ஊன்றி, உடல் எடையைச் சற்றே சாய்த்து நிற்கிறான். சடையைத் தலைப்பாகைபோல் சுற்றிக் கட்டியிருக்கிறான். அதில் பாம்புகள் நெளிகின்றன. ஒரு கை முழங்கையில் மடங்கி, விரல்கள் தளர்ந்து, எதன்மீதோ இளைப்பாறுகிறது. அந்தக் கைக்கடியில் காளை இல்லை. காளை கிடைக்கவே இல்லை. இல்லாத காளையின் உயரத்தையும் திமிலின் சரிவையும் அந்தக் கையே சொல்லிவிடுகிறது. எடையை உடலில் எப்படிப் பகிர்வது என்று இவ்வளவு தெளிவாக அறிந்த சிற்பியின் கைவேலை எந்த நாட்டுச் சிற்ப வரலாற்றிலும் முதல் வரிசையில் வைக்கத் தக்கது.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. இது கலைப்பொருள் அன்று, தெய்வம். பட்டும் பூவும் சார்த்தி வீதியுலா போக வேண்டிய உற்சவர், திருமஞ்சனம் இல்லாமல் மேடைமீது நிற்பது முறையா? இந்தக் கேள்வியை லேசாகத் தள்ள முடியாது. நாம் வியக்கும் அந்த உடல் அழகைச் சோழர் கால அடியவர்கள் முழுமையாகப் பார்த்த பொழுதுகள் குறைவு. அலங்காரத்துக்கு உள்ளேதான் திருமேனி இருந்தது. வெறும் செம்பாக நிறுத்தி அழகு பார்ப்பது நம் காலத்தின் பழக்கம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என்றாலும் மாற்று வழி என்னவாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1976இல் தஞ்சைப் பகுதியின் பத்தூரில் ஒரு நடராசர் மண்ணிலிருந்து கிடைத்தார். ஆட்சியருக்குத் தகவல் போகவில்லை. கைமாறிக் கைமாறி லண்டன் போய், ஒரு கனடா நிறுவனத்தின் வசமானார். இந்தியத் தரப்பு லண்டனில் வழக்காடியது. கோயிலின் உரிமையை ஏற்று 1991இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. வென்று வந்த அந்த நடராசரும் கடைசியில் திருவாரூர்ச் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குத்தான் போனார். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் புதைந்தவரும் இல்லை, கோயிலிலேயே இருந்தவர். அவரைத் திருடி விற்றார்கள், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியது, 2014இல்தான் திரும்பினார். பூட்டிய பாதுகாப்பு அறையில் யாரும் காணாமல் இருப்பதையும் ஆண்டுக்கணக்கில் அயல்நாட்டில் வழக்கில் கிடப்பதையும் எண்ணிப் பார்த்தால், பிறந்த மண்ணிலிருந்து சில மணி நேரத் தொலைவில், எந்தச் சாதியாரும் எந்தச் சமயத்தாரும் நேரில் நின்று பார்க்கும்படி இருப்பது தாழ்ந்த நிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இந்த நியாயம் எல்லாச் சிலைக்கும் ஒரே அளவில் பொருந்தாது. தாராசுரத்திலிருந்து வந்த யானை உரித்த பெருமானையும், பிட்சாடனரையும் முனிபத்தினியரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை புதைந்து கிடைத்தவை அல்ல. இரண்டாம் இராசராசன் கட்டிய கோயிலுக்கென்றே செதுக்கப்பட்ட கற்சிற்பங்கள். அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது; 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. கிழித்த யானைத் தோலுக்குள் சுழலும் சிவனும், பயந்து விலகும் உமையும் சேர்ந்த அந்தப் பலகையின் வேகம் எங்கே வைத்தாலும் குறையாது என்பது உண்மை. இருந்தாலும் ஒரு கோயிலின் சிற்பத் தொகுதி ஒரு கதைவரிசை. அதில் ஒரு துண்டு பெயர்ந்தால் மிச்சம் நிற்பவையும் பொருள் குன்றுகின்றன. தாராசுரம் சிதைந்து கிடந்த காலத்தில் அவற்றை எடுத்து வந்தது சரி. கோயில் செம்மையாகப் பராமரிக்கப்படும் இன்றைய நிலையில், அவை திரும்புவதைப் பற்றிப் பேச வேண்டாமா? அடைக்கலம் கொடுத்தவர், ஆபத்து நீங்கியபின் வந்தவரை வழியனுப்பவும் தயாராக இருக்க வேண்டும்.

அடைக்கலத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு. அது வீட்டைப் பற்றியது. தர்பார் மேடைமீது இன்று சரபோஜியின் வெண்பளிங்குச் சிலை கைகூப்பி நிற்கிறது. லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்தது. சரபோஜியின் ஆசான் சுவார்ட்சுக்கு நினைவுச்சிற்பம் செய்தவரும் அவரே. நாயக்கர் மேடை, ஆங்கிலப் பளிங்கு, மராட்டிய மன்னர், சுற்றிலும் சோழர் கற்சிலைகள்: பல நூற்றாண்டு அரசியல் ஒரே மண்டபத்தில் இருக்கிறது. இதை விளக்க அங்கே இருக்கும் ஏற்பாடு போதாது. நூலகம், கலைக்கூடம், தொல்லியல் துறை, அரச குடும்பம் எனப் பலர் பங்கிட்டு ஆளும் வளாகம் இது. வழியும் வேறு, சீட்டும் வேறு. பார்வையாளருக்கு ஓர் அரண்மனையைப் பார்த்த உணர்வு வருவதில்லை. ஒன்றோடொன்று தொடர்பற்ற சில கூடங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார். செங்கல்லும் சுண்ணாம்பும் கருங்கல்லைப்போல் பொறுத்துக்கொண்டிருக்காது. மழைநீர் இறங்கினால் சுதை உதிரும், பூச்சு விழுந்தால் செங்கல் அரிக்கும். சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்னும். சிலைக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு இந்தச் சுவர்களுக்கும் போக வேண்டும்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு சிலையின் அடியிலும் காலத்தையும் பெயரையும் மட்டும் எழுதாமல், எந்த ஊர், எப்படிக் கிடைத்தது, எந்த ஆண்டு இங்கே வந்தது என்று தமிழில் நான்கு வரி எழுதுங்கள். ஒவ்வொரு மண்டபத்தின் வாசலிலும் அதைக் கட்டியவர் யார், எதற்காகக் கட்டினார், பிறகு யார் கைக்குப் போனது என்று எழுதுங்கள். 1856இல் முத்திரை விழுந்ததையும் காமாட்சிபாய் வழக்காடியதையும் அதில் சேருங்கள். கரந்தட்டாங்குடிப் பிரம்மாவுக்கு அருகில், அதை ஊரைவிட்டுப் போக விடாத மக்களைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். இந்தக் கலைக்கூடத்தைத் தொடங்கிவைத்தவர்கள் அவர்கள்தான்.