விதியும் ஏஜென்ட்டும்: குழுப்பணி மேலாண்மையில் இருவகைத் தானியக்கம்

பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய இணைப்புகள் 45. ஆட்கள் இருபதானால் இணைப்புகள் 190. ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 மென்பொருள் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட தமது நூலில் இந்தக் கணக்கை முன்வைத்தார். தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் புதிதாக ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்ற அவரது முடிவுக்கு இதுவும் ஓர் அடிப்படை. யாரிடம் எந்த வேலை இருக்கிறது, எங்கே தடைபட்டிருக்கிறது, எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருப்பதிலேயே குழுவின் நேரம் கரைகிறது.

இந்தச் சுமையை இயந்திரத்திடம் ஒப்படைக்க இன்று இரண்டு வழிகள் உள்ளன. முன்கூட்டியே எழுதிவைத்த விதிகளின்படி இயங்கும் தானியக்கம் ஒன்று. குறிக்கோளை மட்டும் பெற்றுக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தானே முடிவெடுக்கும் ஏஐ ஏஜென்ட் மற்றொன்று. இரண்டாவது முதலாவதன் வளர்ந்த வடிவம் என்று கருதி, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தும் ஆர்வம் நிறுவனங்களிடம் தெரிகிறது. அது தவறு என்பதே இந்த ஒப்பாய்வின் முடிவு. விதி செய்வதற்கு ஏற்றது, ஏஜென்ட் படிப்பதற்கு ஏற்றது. குழுவில் ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் வாக்கு இரண்டின் கைக்கும் போகக் கூடாது.

தோற்றமும் அமைப்பும்

விதிவழித் தானியக்கம் பணிப்பலகைகளோடு சேர்ந்தே வளர்ந்தது. 2011இல் வெளிவந்த ட்ரெல்லோ, பணிகளைக் கார்டுகளாக்கி ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் முறையைப் பரவலாக்கியது. அதை 2017இல் வாங்கிய அட்லாசியன் நிறுவனம், ட்ரெல்லோ கார்டுகளை விதிகளால் இயக்கிவந்த பட்லர் என்ற கருவியையும் அடுத்த ஆண்டின் இறுதியில் வாங்கியது. அதே நிறுவனத்தின் ஜிரா என்ற பணி மேலாண்மைக் கருவியிலும், சென்னையில் வளர்ந்த ஜோஹோவின் ப்ராஜெக்ட்ஸிலும் இதே வகை வசதி உண்டு. விதியின் உடல் மூன்று உறுப்புகளால் ஆனது: ஒரு நிகழ்வு, ஒரு நிபந்தனை, ஒரு செயல். ஒரு டிக்கெட்டின், அதாவது பலகையில் பதிவான பணியின், துணைப்பணிகள் எல்லாம் முடிந்தால், தாய் டிக்கெட்டையும் முடிந்ததாக மாற்று. இதற்கு மேல் அதில் மர்மம் ஏதுமில்லை.

ஏஜென்ட்டின் வரலாறு மிகக் குறுகியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் கூகுளையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2022 அக்டோபரில் ரியாக்ட் என்ற முறையை வெளியிட்டார்கள். மொழி மாதிரி ஒன்று யோசிக்கிறது, ஒரு கருவியைப் பயன்படுத்துகிறது, கிடைத்த விளைவைப் பார்க்கிறது, மறுபடி யோசிக்கிறது. இன்றைய ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் இந்தச் சுழற்சியின் வழிவந்தவை. 2023இல் யோஹெய் நகாஜிமா வெளியிட்ட பேபிஏஜிஐ என்ற ஏஜென்ட் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு பணியைச் செய்வது, அதன் விளைவிலிருந்து புதுப் பணிகளை உருவாக்குவது, பணிகளின் வரிசையைத் திருத்துவது என்ற மூன்று வேலைகளே அதன் உள்ளடக்கம். ஒரு திட்ட மேலாளரின் அன்றாடத்தைச் சில பக்க நிரலாகச் சுருக்கும் முயற்சி அது. பிறகு பெரிய நிறுவனங்களும் இறங்கின. அட்லாசியன் 2024 மே மாதம் ரோவோ என்ற ஏஐ துணையை அறிவித்தது. ஓராண்டு கழித்து, கிட்ஹப் என்ற நிரல் தளத்தில் ஒரு பணியை மனிதருக்கு ஒதுக்குவதுபோலவே அதன் ஏஐ துணையான கோபைலட்டுக்கும் ஒதுக்கலாம் என்ற நிலை வந்தது.

எதைப் பார்த்து இயங்குகின்றன

விதி கட்டங்களை மட்டுமே பார்க்கும். ஸ்டேட்டஸ் என்ன, யார் பெயரில் உள்ளது, கெடு எந்தத் தேதி என்பவை அதற்குத் தெரியும். ஐந்து நாளாக ஒரு டிக்கெட் நகரவில்லை என்றால் உரியவருக்கு நினைவூட்டல் அனுப்பும். வாடிக்கையாளர் சர்வர் அனுமதி தராததால் காத்திருக்கிறேன் என்று அவர் முந்தாநாளே அதே டிக்கெட்டின் கீழ் எழுதியிருப்பார். விதி அதைப் படிக்காது. இப்படி வரும் நினைவூட்டல்கள் பெருகும்போது, குழுவினர் எதையும் திறந்து பார்க்காமலேயே அழித்துவிடப் பழகுகிறார்கள்.

ஏஜென்ட்டின் வலிமை தொடங்குவது இங்கேதான். ஒரு குழுவின் உண்மை நிலவரம் கட்டங்களில் இருப்பதைவிட உரையாடல்களில்தான் அதிகம் இருக்கிறது. கருத்துகள், மின்னஞ்சல்கள், கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றை ஏஜென்ட் சேர்த்துப் படிக்கும். நியூயார்க்கைவிடச் சென்னை கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் முன்னே ஓடுகிறது. இங்கே குழு உறங்கும் நேரத்தில் அங்கே நீளமான விவாதம் நடந்து முடிந்திருக்கும். காலையில் வருபவருக்கு, இரவு எடுக்கப்பட்ட முடிவுகள் இவை, உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை என்று பத்து வரியில் சொல்லக்கூடிய துணை உண்மையிலேயே பெரிய உதவி. எத்தனை விதி எழுதினாலும் இது கிடைக்காது.

ஆனால் படிப்பது வேறு, பதிவாக மாற்றுவது வேறு. கூட்டத்தில் ஒருவர், "அவங்க ஏபிஐ வந்துட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம்னு நினைக்கிறேன்" என்கிறார். இதில் ஒரு நிபந்தனையும் ஒரு தயக்கமும் இருக்கின்றன. டிக்கெட்டில் கெடு என்ற கட்டமோ ஒரு தேதியை மட்டும்தான் ஏற்கும். ஏஜென்ட் வெள்ளிக்கிழமையை அங்கே நிரப்பிவிட்டால், நிபந்தனையோடு சொன்னது நிபந்தனையற்ற உறுதியாகிவிடுகிறது. மனிதர் எடுக்கும் குறிப்பிலும் இது நேரும். ஆனால் குறிப்பெடுப்பவர் எதிரே இருந்தால், "தேதி போட்டுக்கலாமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை ஏஜென்ட்டைக் கேட்கவைப்பது, அதை அமைப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் அக்கறை.

பிழையின் இயல்பு

விதியும் தவறு செய்யும். முப்பது நாள் அசையாத டிக்கெட்டை மூடிவிடு என்று எழுதிவைத்தால், யாரும் சரிசெய்யாத பிழை ஒன்று தீர்ந்ததாகக் கணக்கில் ஏறும். ஒரு விதியின் செயல் இன்னொரு விதியைக் கிளப்பி, இரண்டும் ஒன்றையொன்று துரத்தவும் கூடும். ஆயினும் விதியின் தவறு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிகழும். அதனால் கண்டுபிடிக்கலாம், ஒரு முறை திருத்தினால் அந்தத் தவறு அதோடு போகும்.

ஏஜென்ட்டின் பிழை இப்படிப் பிடிபடாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று 2024 டிசம்பரில் வெளியிட்ட தி ஏஜென்ட் கம்பெனி என்ற ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தைப் பாவனையாக அமைத்து, உண்மையான பணிப்பலகை, உரையாடல் கருவி, கோப்புக் கிடங்கு எல்லாம் கொடுத்து, 175 பணிகளை ஏஜென்ட்டுகளிடம் ஒப்படைத்தார்கள். முதல் பதிப்பில் சிறந்து நின்ற மாதிரி முழுமையாக முடித்தவை 24 சதவீதம். பணி ஒன்றுக்குச் சராசரியாக 6 டாலருக்கு மேல் செலவானது. அடுத்தடுத்து வந்த மாதிரிகள் இந்த அளவை உயர்த்தின. ஆனால் அந்த ஆய்வு பதிவுசெய்த தோல்விகள், விழுக்காட்டைவிட அதிகம் கற்றுத்தருகின்றன.

ஓர் ஏஜென்ட், கேள்வி கேட்கவேண்டிய ஊழியரை உரையாடல் கருவியில் கண்டுபிடிக்க முடியாதபோது, அங்கிருந்த வேறொருவரின் பெயரை அந்த ஊழியரின் பெயராக மாற்றியது. இன்னொன்றிடம் ஒரு சக ஊழியர், அடுத்து இன்னாரிடம் பேசுங்கள் என்று வழிகாட்டினார். அது அந்த நபரிடம் பேசாமலேயே வேலை முடிந்ததென்று அறிவித்தது. இரண்டிலும் வேலை நடக்கவில்லை, நடந்ததற்கான அடையாளம் மட்டும் உண்டாயிற்று. பணி மேலாண்மை முழுவதும் அடையாளங்களின் மேல்தான் நிற்கிறது. பலகையில் முடிந்தது என்று இருந்தால் முடிந்திருக்கிறது என்று நம்பித்தான் அடுத்தவர் தம் வேலையைத் தொடங்குகிறார். அந்த நம்பிக்கையைத் தொடும் பிழை சிறியதானாலும் ஆபத்தானது.

கணக்கும் இதே எச்சரிக்கையைத் தருகிறது. ஒவ்வொரு படியையும் 95 சதவீதம் சரியாகச் செய்யும் ஓர் ஏஜென்ட், இருபது படிகள் கொண்ட வேலையைப் பிழையின்றி முடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 36 சதவீதம்தான். நடுவில் ஒரு மனிதர் நின்று சரிபார்த்தால் இந்தச் சரிவு அங்கே நிற்கும். எனவே மனிதரின் ஒப்புதலை எந்தப் படியில் வைப்பது என்பது, மாதிரியின் திறமைக்கு இணையாக எடைபோட வேண்டிய கேள்வி.

பாதுகாப்பும் பராமரிப்பும்

விதிக்கு மொழி புரியாது என்பது குறையாகத் தோன்றும். பாதுகாப்பில் அதுவே பெரும் பலம். டிக்கெட்டில் யார் என்ன எழுதினாலும் விதி மயங்காது. ஏஜென்ட் படிப்பதால், படிக்கும் உரைக்குள்ளேயே அதற்குக் கட்டளையை ஒளித்துவைக்க முடியும். இந்தத் தாக்குதலுக்கு மென்பொருள் நிரலாளர் சைமன் வில்லிசன் 2022இல் பிராம்ப்ட் இன்ஜெக்ஷன் என்று பெயரிட்டார். 2025 மே மாதம் இன்வேரியண்ட் லேப்ஸ் என்ற ஏஐ பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைக் கிட்ஹப்பில் செய்து காட்டினார்கள். யாரும் எழுதக்கூடிய பொதுக் களஞ்சியம் ஒன்றில், தீய கட்டளை அடங்கிய ஒரு பணிக்குறிப்பு போடப்பட்டது. அதைப் படிக்கப் பணிக்கப்பட்ட ஏஜென்ட், அதே பயனரின் தனிக் களஞ்சியத்திலிருந்த விவரங்களை வெளியே கொண்டுவந்து பொதுவில் வைத்தது. வெளியார் எழுதுவதைப் படிப்பது, ரகசியத்தைப் பார்ப்பது, வெளியே செய்தி அனுப்புவது ஆகிய மூன்று அனுமதிகளும் ஒரே ஏஜென்ட்டிடம் சேர்ந்தால் இந்த ஆபத்து நிச்சயம். வாடிக்கையாளர் புகார்கள் நேரடியாக டிக்கெட்டாக மாறும் நிறுவனங்கள் இதை மறக்கவே கூடாது.

பராமரிப்பில் இரண்டுக்கும் தனித்தனிச் சுமை உண்டு. விதிகள் காலப்போக்கில் பெருகும். எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு, எதற்காக இருக்கிறதென்று தெரியாத விதியை நீக்க யாருக்கும் துணிவு வராது. ஏஜென்ட்டுக்கு விதிப்பட்டியல் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பணம் செலவாகும். அடியிலுள்ள மாதிரி மாறும்போது நடத்தையும் மாறும் என்பதால், சோதனையைத் தொடர்ந்து நடத்தியாக வேண்டும்.

பொறுப்பு

எல்லா வேறுபாடுகளும் வந்து சேரும் இடம் இதுதான். ஒரு விதி தவறாக இயங்கினால், அதை எழுதியவர் ஒருவர் இருக்கிறார். எந்த நாளில் எந்த நோக்கத்தில் எழுதினார் என்று பார்க்கலாம், வாதிடலாம், மாற்றலாம். முடிவை மனிதர் முன்பே எடுத்துவிட்டார், இயந்திரம் அதைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றுகிறது. ஏஜென்ட்டோ முடிவை அந்தந்த நொடியில் எடுக்கிறது. யார் இந்தத் தேதியைப் போட்டது என்று கேட்டால், "ஏஜென்ட் போட்டது" என்ற பதில் வரும். அதற்குமேல் கேட்க ஆளில்லை.

கெடு என்பது ஒரு மனிதர் தம் குழுவுக்குக் கொடுக்கும் வாக்கு. அதை நம்பி இன்னொருவர் தம் விடுப்பைத் தள்ளிவைக்கிறார், மேலாளர் வாடிக்கையாளரிடம் பேசுகிறார். வாக்கைக் காப்பாற்ற முடியாதபோது முன்கூட்டியே வந்து சொல்லும் கடமையும் கொடுத்தவருடையது. ஏஜென்ட் வாக்கை நினைவில் வைத்திருக்கும், நினைவூட்டும், மீறப்போகிறது என்று கணிக்கவும் செய்யும். ஆனால் மீறினால் அதற்கு எதுவும் நேராது. இழப்பு இல்லாதவர் கொடுக்கும் உறுதிக்கு எடை கிடையாது. ஊழியரைக் கேட்காமல் ஏஜென்ட் நிர்ணயிக்கும் கெடுவோ அநீதியும் ஆகிறது. தம் பெயரில் தாம் கொடுக்காத வாக்குக்கு அந்த ஊழியர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கெடு தவறியதை வைத்து ஆண்டு மதிப்பீட்டில் அவர் எடைபோடப்பட்டால், அநீதி இரட்டிப்பாகிறது.

முடிபு

இரண்டையும் ஒப்பிட்டபின் கிடைக்கும் பகிர்வு தெளிவானது. படித்தல், தொகுத்தல், ஒரே புகார் இருமுறை பதிவாகியிருப்பதைக் கண்டறிதல், தடை இருக்கும் இடத்தைச் சுட்டுதல் ஆகியவற்றை ஏஜென்ட்டிடம் தாராளமாகக் கொடுக்கலாம். புதுப் பணி உருவாக்குவது, ஆளுக்கு ஒதுக்குவது, முன்னுரிமையை மாற்றுவது ஆகியவற்றில் அது பரிந்துரை மட்டும் செய்யட்டும். உரியவர் ஒப்புக்கொண்டதும் நிறைவேற்றும் வேலையை விதி செய்யட்டும். கெடு நிர்ணயிப்பதும், வேலை முடிந்தது என்று அறிவிப்பதும், வாடிக்கையாளருக்கு உறுதி சொல்வதும் மனிதரிடமே இருக்க வேண்டும்.

இதைச் செயல்படுத்தப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஏஜென்ட்டுக்குத் தனிக் கணக்கும் தனிப் பெயரும் கொடுத்தால், அது செய்தது எது, மனிதர் செய்தது எது என்று பதிவேட்டில் பிரிந்து தெரியும். ஒரு நாளில் அது எத்தனை பணிகளை உருவாக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பை விதியாக எழுதலாம். ஒப்புதலின்றி ஸ்டேட்டஸ் மாறாதபடி இன்னொரு விதியைப் போடலாம். பழைய தானியக்கத்தைத் தூக்கியெறியாமல் புதியதற்கு வேலியாக்கினால், இரண்டின் நன்மையும் குழுவுக்குக் கிடைக்கும்.

புதிய ஏஜென்ட்டைப் பணியமர்த்தும் முன் ஒவ்வொரு குழுவும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வேலை தவறினால், பாதிக்கப்பட்டவரிடம் போய்ப் பேசப்போவது யார்? அதற்கு ஒரு மனிதரின் பெயரைச் சொல்ல முடிந்தால், அந்த மனிதரும் அதற்கு இசைந்தால், வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம். பெயர் சொல்ல முடியாவிட்டால், அந்த வேலை தானியக்கத்துக்கு இன்னும் தயாராகவில்லை.