மதிய உணவு மேசையும் விவாதமும்



செயற்கை நுண்ணறிவு குறித்த அறிஞர்களின் விவாதத்தில் நாகரிகம் கெட்டுவிட்டது என்ற புலம்பலை அடிக்கடி கேட்கிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த நாகரிகம் முன்பு யாருக்குக் கிடைத்தது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. இயந்திரம் சிந்திக்குமா என்று 1950இல் 'மைண்ட்' இதழில் கேட்ட ஆலன் டூரிங், தன் கருத்துக்கு எதிரான ஒன்பது மறுப்புகளைத் தாமே வரிசைப்படுத்திப் பதில் எழுதினார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நிலை மாறியது. எம்.ஐ.டி.யின் தத்துவ ஆசிரியர் ஹ்யூபர்ட் டிரைஃபஸ் 1965இல் எழுதிய அறிக்கையில் இத்துறையை ரசவாதத்தோடு ஒப்பிட்டார். அது கடுஞ்சொல்தான். 1967இல் அவர் சதுரங்க நிரல் ஒன்றிடம் தோற்றதைத் துறையினர் கொண்டாடினார்கள். அவரோடு அமர்ந்து சாப்பிடுவதையும் தவிர்த்தார்கள். 'எலைசா' நிரலை எழுதிய ஜோசப் வைசன்பாம் மட்டும் எல்லோரும் பார்க்க அவரோடு மதிய உணவு உண்டார். டிரைஃபஸின் கருத்துகளை அவர் ஏற்கவில்லை, வெளிப்படையாகவே மறுத்தவர். ஆயினும் ஒரு மனிதரை அப்படி நடத்தலாகாது என்றார். அவர் 1936இல் நாஜி ஜெர்மனியை விட்டுக் குடும்பத்தோடு வெளியேறிய யூதர்.

உடன் உண்ண மறுப்பது என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளையரான பேராசிரியர் டிரைஃபஸ் பட்டது தீண்டாமை அல்ல. ஆனாலும் வாதத்துக்குப் பதில் சொல்லாமல் ஆளை விலக்கும் பழக்கம் நாம் அறிந்ததே.

2018இல் ஜாய் பூலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு கறுப்பினப் பெண்கள் மூன்று நிறுவனங்களின் முகப் பகுப்பாய்வுக் கருவிகளைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. 2020 ஜூனில், தரவு சாய்ந்திருப்பதால் கருவியும் சாய்கிறது என்றார் யான் லெகுன். பாதிப்பைத் தரவோடு மட்டும் சுருக்கிவிடாதீர்கள் என்றார் கெப்ரு. நல்ல கேள்வி அது. சில நாட்களில் கேள்வி மறைந்து, யார் எந்தத் தொனியில் பேசினார் என்பதே சண்டையாயிற்று. இங்கே காவல்துறைகளும் முக அடையாளக் கருவிகளைப் பயன்படுத்துகின்றன. கேள்வி மறைந்தால் பிழை யார் தலையில் விடியும்?

1936இல் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் மாநாட்டை ரத்து செய்தபோது, பேச முடியாத உரையை அம்பேத்கர் தாமே அச்சிட்டார். காந்தி 'ஹரிஜன்' இதழில் அதை மறுத்து எழுதினார். அடுத்த பதிப்பில் அந்த மறுப்பையும் சேர்த்து, தன் பதிலையும் பின்னிணைத்தார் அம்பேத்கர். அவர் குரல் மென்மையானதல்ல. ஆனால் எதிராளியின் சொல்லை வாசகரிடமிருந்து அவர் மறைக்கவில்லை.

நம் மாணவர்கள் இந்தத் துறைக்குள் நுழைகிறார்கள். தொனியைக் காட்டி உங்கள் கேள்வியைத் தள்ளுவார்கள். கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். உங்களை மறுப்பவரின் வாதத்தையும் முழுதாக எடுத்துச் சொல்லிப் பதில் தாருங்கள். அவரோடு சாப்பிடவும் உட்காருங்கள்.