நாற்காலி போச்சு, பேச்சு போகலை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "உங்க தொழிலைப் பத்தியே ஏதாவது எழுதுங்களேன்" என்றார்கள். டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி நான் எழுதினால் புரூஃப் பார்ப்பவரைத் தவிர வேறு யாரும் படிக்க மாட்டார்கள். ஆகவே ஒரு நகைச்சுவைக்காரரின் சரித்திரத்தை எழுதுகிறேன். எழுத்தாளராகத் தொடங்கி, அமெரிக்க டெலிவிஷனில் 28 வருடம் இரவு நிகழ்ச்சி நடத்தி, இன்று பாட்காஸ்ட் நடத்தும் கோனன் ஓ'பிரையன்தான் அவர். வேலை, பதவி, புரமோஷன் என்று ஓடிக்கொண்டிருக்கும் நமக்கு அவருடைய கதையில் விஷயம் இருக்கிறது.

நாற்காலியின் பூர்வீகம்

அமெரிக்காவில் டெலிவிஷனுக்கு முன்பே நகைச்சுவைக்காரர்களுக்கு வாழ்வு கொடுத்தது ரேடியோ. ஜாக் பென்னி, பாப் ஹோப் எல்லோரும் ரேடியோவில் பேசிப் பெயர் வாங்கிவிட்டு டெலிவிஷனுக்கு வந்தவர்கள். 1954 செப்டம்பர் 27 அன்று என்.பி.சி. நிறுவனம் 'டுநைட் ஷோ' என்ற இரவு நிகழ்ச்சியை நாடு முழுக்க ஒளிபரப்பத் தொடங்கியது. முதலில் நடத்தியவர் ஸ்டீவ் ஆலன். ஃபார்முலா ரொம்ப எளிது. நின்றபடி கொஞ்சம் ஜோக், பிறகு ஒரு மேஜை, பக்கத்தில் விருந்தாளி, ஓரத்தில் பாண்டு வாத்தியம். ஊர் தூங்கப் போகுமுன் அரட்டை.

1962 முதல் 1992 வரை முப்பது வருடம் ஜானி கார்சன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு புது நகைச்சுவைக்காரர் ஐந்து நிமிடம் பேசி முடித்ததும், "வந்து உட்காருங்க" என்று கார்சன் கையசைத்தால் போதும், அந்த ஆளின் ஜாதகமே மாறிவிடும். அவருக்கு அடுத்து யார் என்று பெரிய போட்டி. 1982 முதல் அதே நிறுவனத்தில் நள்ளிரவுக்கு மேல் 'லேட் நைட்' நடத்திவந்த டேவிட் லெட்டர்மனுக்குத்தான் கிடைக்கும் என்று பலர் நினைத்தார்கள். கிடைத்தது ஜே லெனோவுக்கு. லெட்டர்மன் 1993-ல் சி.பி.எஸ். நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன நள்ளிரவு இடம் காலியாக இருந்தது.

யார் இந்த ஆளு?

கோனன் 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் புரூக்லைனில் பிறந்தவர். அப்பா டாக்டர், அம்மா வக்கீல், ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். ஹார்வர்டில் சரித்திரமும் இலக்கியமும் படித்தார். அங்கே மாணவர்கள் நடத்தும் 'லாம்பூன்' என்ற நகைச்சுவைப் பத்திரிகைக்கு இரண்டு முறை தலைவர். 1985-ல் பட்டம் வாங்கியதும் பிறருக்கு ஜோக் எழுதிக் கொடுக்கும் வேலைக்குப் போனார். 1988-ல் 'சாட்டர்டே நைட் லைவ்', 1991-ல் 'தி சிம்ப்சன்ஸ்' என்ற கார்ட்டூன் தொடர். ஒரு பேச்சு சாமர்த்தியக்காரன் ஊருக்கே ஆசை காட்டி மோனோரயிலை விற்றுவிட்டு ஓடும் எபிசோடு அவர் எழுதியதுதான். டெண்டர் பிரிக்கும் நமது சிவில் நண்பர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும்.

1993-ல் தயாரிப்பாளர் லார்ன் மைக்கேல்ஸ் இவரைத்தான் லெட்டர்மனின் இடத்துக்குக் கொண்டுவந்தார். வயது முப்பது. கேமரா முன் அனுபவம் கிட்டத்தட்ட இல்லை. செப்டம்பர் 13 அன்று நிகழ்ச்சி தொடங்கியது. விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். நிறுவனமும் நம்பவில்லை. பதின்மூன்று வாரம், பதின்மூன்று வாரமாகத்தான் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். நம்ம ஊர் கான்ட்ராக்ட் லேபர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையிலும் தினமும் ராத்திரி வந்து நின்று, தொழிலைத் தொழில் செய்துகொண்டே கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் கடுமையாகத் திட்டிய வாஷிங்டன் போஸ்ட் விமர்சகர் டாம் ஷேல்ஸ் மூன்று வருடத்தில் தன் கருத்தை மாற்றிக்கொண்டு பாராட்டி எழுதினார்.

சின்ன விஷயம் ஒன்று. 2007 கடைசியில் எழுத்தாளர் சங்க வேலைநிறுத்தத்தால் நிகழ்ச்சிகள் நின்றன. அப்போது எழுத்தாளர் அல்லாத மற்ற ஊழியர்களுக்குத் தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்தார் கோனன். அவரோடு வேலை பார்த்த பலர் பல வருடம் அவரை விட்டுப் போகாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

எட்டு மாதம் தாங்காத கனவு

2004-ல், டுநைட் ஷோவின் பொன்விழா அன்று, இன்னும் ஐந்து வருடத்தில் அந்த நாற்காலி கோனனுக்கு என்று என்.பி.சி. அறிவித்தது. பொறுமையாகக் காத்திருந்தார். 2009 ஜூன் 1 அன்று உட்கார்ந்தார். சின்ன வயதுக் கனவு நிறைவேறியாச்சு.

அப்புறம் என்ன ஆச்சு? லெனோவையும் விட மனமில்லாத நிறுவனம், அதே செப்டம்பரில் அவருக்கு இரவு 10 மணிக்கு ஒரு நிகழ்ச்சி கொடுத்தது. அது எடுபடவில்லை. 10 மணிக்கு ஆள் குறைந்ததால், அடுத்து வரும் உள்ளூர் நிலையங்களின் 11 மணிச் செய்திக்கும் ஆள் குறைந்தது; செய்திக்குப் பின் வரும் டுநைட் ஷோவுக்கும் அடி. எலெக்ட்ரிகல் பாஷையில் சொன்னால், ஃபீடரின் தொடக்கத்திலேயே வோல்டேஜ் இறங்கிவிட்டால் கடைசி வீட்டு பல்பு மங்கத்தான் செய்யும். பல்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

உள்ளூர் நிலையங்கள் கூச்சல் போட்டன. 2010 ஜனவரியில் ஒரு யோசனை வந்தது: லெனோவுக்கு 11.35-க்கு அரை மணி நேரம், டுநைட் ஷோ 12.05-க்கு. கோனன் மறுத்துவிட்டார். நள்ளிரவு தாண்டி மறுநாளில் தொடங்கினால் அது டுநைட் ஷோவே அல்ல, அதைச் சிதைக்க நான் உடந்தையாக இருக்க மாட்டேன் என்பது அவர் வாதம். ஜனவரி 22 அன்று கடைசி நிகழ்ச்சி. இழப்பீடாகப் பேசப்பட்ட தொகை சுமார் 4.5 கோடி டாலர். அதில் சுமார் 1.2 கோடி அவருடைய ஊழியர்களுக்கு. கடைசியாகப் பேசும்போது இளைஞர்களிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: மனசு கசந்துபோய் உலகத்தை ஏளனமாகப் பார்க்காதீர்கள். நினைத்தது நினைத்தபடி யாருக்கும் கிடைக்காது. உழைப்பும் நல்ல குணமும் இருந்தால் அற்புதங்கள் நடக்கும்.

தடையால் வந்த வழி

ஒப்பந்தப்படி 2010 செப்டம்பர் வரை அவர் டி.வி.யில் தலைகாட்டக் கூடாது. இந்த இடத்தில்தான் சரித்திரம் திரும்புகிறது. டி.வி. இல்லையென்றால் வேறு எங்கே பேசுவது? பிப்ரவரியில் ட்விட்டரில் எழுத ஆரம்பித்தார். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊர் ஊராக மேடையேறினார். 'டி.வி.யில் சிரிக்கவைக்கச் சட்டப்படி தடை' என்ற அர்த்தத்தில் சுற்றுப்பயணத்துக்கே பெயர்! நிறுவனத்தைத் தாண்டி ரசிகர்களை நேராகத் தொடமுடியும் என்பது அப்போதுதான் புரிந்தது. நவம்பரில் டி.பி.எஸ். என்ற கேபிள் சேனலில் புது நிகழ்ச்சி தொடங்கியபோது கூடவே 'டீம் கோகோ' என்ற இணையப் பிரிவும் வளர்ந்தது.

பாட்காஸ்ட் என்றால் மூத்த அண்ணன்மார்களுக்கு ஒரு வரி விளக்கம்: வேண்டிய நேரத்தில் கேட்டுக்கொள்ளும் ரேடியோ. ஒலிக்கோப்பின் முகவரியை ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டால், சந்தாதாரரின் கருவி தானே போய் எடுத்துக்கொள்ளும். ஐபாட், பிராட்காஸ்ட் இரண்டையும் ஒட்டி 2004-ல் உண்டான சொல் அது. டிரான்ஸ்மிட்டர் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். மார்க் மேரன் என்ற நகைச்சுவைக்காரர் தொழிலில் அடிபட்டுக் கிடந்த நிலையில் 2009-ல் பாட்காஸ்ட் ஆரம்பித்துத் தன் வீட்டு கராஜில் நடத்தினார். 2015-ல் அதே கராஜுக்கு ஜனாதிபதி ஒபாமாவே வந்து பேசிவிட்டுப் போனார்.

கோனன் 2018 நவம்பரில் ஆரம்பித்தார். தலைப்பு 'கோனன் ஓ'பிரையனுக்கு ஒரு நண்பர் தேவை'. இருபத்தைந்து வருடம் இத்தனை பிரபலங்களோடு பேசியும் ஒருத்தரும் நிஜ நண்பராகவில்லையே என்ற கிண்டல் அது. டி.வி.யில் விருந்தாளிக்குக் கிடைப்பது சில நிமிடம். புதுப்படத்துக்கு விளம்பரம் செய்துவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். இங்கே ஒரு மணி நேரம் வரை பேசலாம். பேச்சு எங்கே போகிறதோ அங்கே போகலாம். உதவியாளர் சோனா மொவ்செசியனும் தயாரிப்பாளர் மாட் கோர்லியும் அவரைக் கலாய்ப்பதே நிகழ்ச்சியில் பாதி. முன்பு பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது அவரோடு உட்கார்ந்திருப்பதுபோல் உணர்ந்தார்கள்.

டி.வி. நிகழ்ச்சி 2019-ல் அரை மணியாகச் சுருங்கி, 2021 ஜூன் 24-ல் முடிந்தது. பாட்காஸ்ட் வளர்ந்தது. 2022 மே மாதம் சிரியஸ் எக்ஸ்.எம். நிறுவனம் டீம் கோகோவை வாங்கியது. விலை சுமார் 15 கோடி டாலர் என்று செய்தி. வாங்கியது யார் தெரியுமா? சேட்டிலைட் ரேடியோ கம்பெனி! ரேடியோவில் பிறந்த அமெரிக்க அரட்டை சுற்றிச் சுற்றி ரேடியோவுக்கே வந்து சேர்ந்தது. பாட்காஸ்டில் பேசிய ரசிகர்களைத் தேடி நாடு நாடாகப் போகும் பயணத் தொடர் 2024-ல் வந்தது. 2025 மார்ச்சில் ஆஸ்கர் விழாவை நடத்தினார். அதே மாதம் மார்க் ட்வெய்ன் நகைச்சுவை விருதும் வாங்கினார்.

நமக்கு என்ன?

கோடிக்கணக்கில் இழப்பீடு வாங்கியவரையும் நம்ம ரிலீவிங் ஆர்டரையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. அவர் நடுத்தெருவில் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் பணத்தால் ஈடுகட்ட முடியாத ஒன்றை இழந்தார். அதுவும் ஊர் பார்க்க.

2011-ல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் அவர் சொன்ன கருத்து மாணவத் தம்பி தங்கைகளுக்கு உதவும். கார்சன் ஜாக் பென்னியாக ஆசைப்பட்டார், முடியவில்லை. அதனால் கார்சன் ஆனார். லெட்டர்மன் கார்சனாக ஆசைப்பட்டார், அதுவும் முடியவில்லை. கோனன் தலைமுறையோ லெட்டர்மனாக ஆசைப்பட்டது. யாரைப்போல் ஆக முயன்று தோற்கிறோமோ, அந்தத் தோல்விதான் நம்மை நாமாக ஆக்குகிறது என்றார். இதைச் சொன்னபோது பாட்காஸ்ட் அவர் திட்டத்திலேயே இல்லை.

கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கம்பெனி கைவிட்டுப் போனதற்கு விடுதி அறையில் முடங்கிக் கிடக்கும் தம்பியிடம் யாராவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். நாற்காலி கம்பெனியுடையது. வேண்டுமென்றால் கொடுப்பார்கள், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்வார்கள். பதின்மூன்று வாரம், பதின்மூன்று வாரமாகக் கற்றுக்கொண்ட வித்தை மட்டும் நம்முடையது.

— 2011-ஆம் ஆண்டு பேட்ச், மின்னியல் பிரிவு