சின்னம் யாருக்கு உரியது?

புலியையோ வில்லையோ அழைப்பிதழில் பொறித்து, 'எம் குலச்சின்னம்' எனப் பெருமையுறுவாரை இன்று காண்கிறோம். கவியரங்குகளில் நாமும் அதற்குத் துணைபோகிறோம். அச்சின்னங்கள் யாருக்கு உரியவை என ஆராய்தல் நன்று.

ஸ்காட்லாந்து நாட்டார் இத்தகைய வினாவுக்குச் சட்டத்தாலேயே விடை வகுத்தனர். அங்கே கேடயச் சின்னம் குடும்பத்தின் பொதுச்சொத்தன்று, தனியொருவரின் உடைமை. இளைய மகன் தந்தையின் சின்னத்தை அப்படியே ஏந்த இயலாது. வேறுபாடு செய்து பதிவு பெறல் வேண்டும். 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த பதிவேடு இன்றும் 'லார்ட் லயன்' என்னும் அலுவலர் பொறுப்பில் உள்ளது. பிறர் சின்னத்தைக் கவர்ந்தாரை விசாரிக்க அவருக்குத் தனி நீதிமன்றமே உண்டு!

தமிழகத்திலோ வில்லும் புலியும் கயலும் அரியணைக்கு உரியவை. அவற்றின் பணியைச் செப்பேடுகளில் தெளிவாகக் காணலாம். முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டுத் தொகுதியில் 31 ஏடுகள் உள்ளன. ஏடுகளின் துளைவழியே வளையம் கோத்து, அதன் முனைகளை முத்திரையோடு பொருத்திவிடுவர். வளையத்தை அறுக்காமலோ முத்திரையைப் பெயர்க்காமலோ ஓர் ஏட்டைச் செருகவும் முடியாது, உருவவும் முடியாது. ஆகவே சின்னம் வெறும் அணியன்று. அரச ஆணைக்கு இட்ட பூட்டு.

அம்முத்திரையில் புலி அமர்ந்திருக்கிறது. அருகே இரு கயல்கள், வில்லும் உண்டு, மேலே கொற்றக்குடை, இருபுறமும் சாமரம். மூவேந்தர் ஒற்றுமையின் சான்றென இதனைக் கொள்வாருளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒற்றுமையாயின் மூன்றும் நிகராக நிற்க வேண்டுமல்லவா? பாண்டியரையும் சேரரையும் அடக்கினோம் என்னும் அறிவிப்பாகவே அது எனக்குப் படுகிறது. சின்னத்தைப் பறிகொடுத்தவன் முறையிட இங்கே லயன் மன்றம் இல்லை, போர்க்களமே இருந்தது.

நம் கொங்கு நாட்டுக் குடிகளுக்கு வேந்தரின் சின்னத்தைக் கடன்வாங்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. காடை, ஆந்தை என்றெல்லாம் வழங்கும் குலப்பெயர்களே அடையாளமாய் நின்றன. மணப்பேச்சின்போது குலம் இன்னதென்று சொன்னாலே போதும். ஒரு குலத்தார் தமக்குள் பங்காளிகள் என்பதால் அங்கே பெண் கொள்வதில்லை. பொறித்த சின்னம் எதுவும் இத்துணை வேலை செய்திருக்குமா என்பது ஐயமே.

எனினும், வில் நம் மண்ணோடு தொடர்பற்றதன்று. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த பழஞ்சேரர் காசுகளில் வில்லும் அம்பும் பொறிக்கப்பட்டுள்ளன. திருவாலங்காட்டு முத்திரையில் புலிக்குப் பணிந்து நிற்கும் அதே வில், அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னர், கொங்கு நாட்டுச் சந்தைகளில் கைமாறிய காசில் தானே தலைமை தாங்கி நின்றது.